நிழல் வைத்து ஆடிய நரி

அந்தக் காட்டில் பொழுது சாயும்போதுதான் சீட்டாட்டம். நிழல் நீளமாக விழும் நேரம், பந்தயம் வைக்கத் தாராளமாக இருக்கும். முதலில் வாலின் நிழல், அடுத்து கால்களின் நிழல், கடைசிச் சீட்டுக்கு முன் மிச்சம் முழுவதும்.

அன்றைக்கு நரியின் கையில் நாலு ஸ்பேடு. ஐந்தாவதும் ஸ்பேடாக வந்தால் ஆட்டம் அதற்குத்தான். வராமலும் போகலாம். வந்தால், நடுவில் குவிந்தது அத்தனையும் வாரிக்கொள்ளலாம்.

முயல் சீட்டைக் கவிழ்க்கப் போனது. "எனக்கு ஒண்ணும் சரியில்லண்ணே. நான் எழுந்துக்கிறேன்."

நரி முன்காலை நீட்டி மறித்தது. ஆள் குறைந்தால் நிழலும் குறையுமே!

"அட, உக்காருப்பா. என் கையைப் பார்த்தா நீயே சிரிப்ப."

முயல் உட்கார்ந்தது. உடும்பையும் முள்ளம்பன்றியையும்கூட நரி இப்படியே பேசிப் பேசி எழவிடாமல் செய்தது. நாலு பேரின் நிழலும் நடுவில் கருகருவென்று குவிந்தது.

உடும்பு நரிக்கான கடைசிச் சீட்டைப் புரட்டியது. ஸ்பேடு!

தோற்ற மூன்றும் எழுந்தன. நிழலில்லாமல், புல்கூட மடங்காமல் நடந்து மறைந்தன. நரி ஆசையாகக் குவியலை இழுத்தது.

குவியல் நான்காகப் பிரிந்து, நரியைச் சுற்றி உட்கார்ந்து, சீட்டைக் கலைத்தது. நரி எழப் பார்த்தது. கால் நகரவில்லை. இந்த ஆட்டத்துக்கு நடுவில் வைத்த பந்தயமே நரிதான்.

"எனக்கு ஒண்ணும் சரியில்ல, எழுந்துக்கிறேன்" என்றது முயலின் நிழல்.

"அட, உக்காருப்பா" என்றது நரியின் நிழல், நரியின் குரலிலேயே.