முப்பது நாள் புகை

வேதப்புத்தகத்தின் மேல் கையை வைக்கச் சொன்னார்கள். ஹல்டா வைத்தாள்.

குடியேறிகள் சங்கத்தின் எழுத்தர் புரூயிட் குதிரையிலிருந்து இறங்காமலே புத்தகத்தை நீட்டிக்கொண்டிருந்தார். வெளியே வந்து நில்லுங்கள் என்று அவர் சொல்லியும் அவள் வாசற்படியை விட்டு இறங்கவில்லை. அவருக்குப் பின்னால், தன் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொண்டிருந்தான் டாலிவர். அவள் கணவன் ஏனோக் தேயரைச் சுட்டவன்.

சுட்டது நவம்பர் கடைசியில். இரண்டு குடிசைகளுக்கும் நடுவே டாலிவர் அடித்துவைத்த எல்லை முளைகளை ஏனோக் பிடுங்கப் போனான். பிடுங்கிய இடத்திலேயே விழுந்தான். விசாரணை என்று ஒன்று நடந்தது. தற்காப்பு என்று சொல்லி ஐந்தே நிமிடத்தில் கைகழுவினார்கள்.

மண் உறைந்து கல்லாவதற்குள் புதைத்தாக வேண்டியிருந்தது. விழுந்த இடத்திலேயே புதைத்தாள். அது டாலிவர் தன்னுடையது என்று சொல்லும் மண்.

அந்த மண்ணில் டாலிவர் ஒருநாளும் தூங்கியதில்லை. ஆற்றுக்கு அக்கரையில், மிசௌரியில், அவனுக்கு மாடிவீடு இருந்தது. இங்கே, கான்சாஸில், ஒரு மரக்குடிசையைப் போட்டு, ஐசம் என்ற தன் அடிமையை அதில் விட்டுவிட்டுப் போயிருந்தான். ஐசமுக்கு வேலை ஒன்றுதான். தினமும் அடுப்பை மூட்டி, கூரைக்கு மேல் புகை தெரியச் செய்ய வேண்டும்.

சங்கத்தின் விதி அப்படி. முப்பது நாள் விடாமல் புகை எழுந்தால் அந்த வீட்டில் ஆள் குடியிருக்கிறான் என்று அர்த்தம். குடியிருக்கிறவனுக்கு நிலம், நிலத்தோடு ஓட்டு. கான்சாஸில் அடிமை வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்பதை அந்த ஓட்டுகள்தான் முடிவு செய்யப் போகின்றன. அடிமை ஊதி ஊதி மூட்டிய அடுப்பால் எஜமானுக்கு ஓட்டு. இதில் என்ன தப்பு என்றுதான் சங்கத்தில் பாதிப்பேர் கேட்டார்கள்.

ஒரே ஒரு நாள் புகை நின்றாலும் உரிமை போய்விடும். போனால் பக்கத்துக் குடிசைக்குச் சேரும். அதாவது ஹல்டாவுக்கு.

சாட்சி சொல்ல வேண்டியதும் அதே பக்கத்துக் குடிசைதான். அவள் சாட்சிக்கு டாலிவர் மறுப்பே சொல்லவில்லை.

“அடிமை வச்சிருக்கிற எங்களப் பத்தி நீங்க என்ன வேணா பேசுவீங்க. ஆனா வேதத்துல கை வச்சுட்டுப் பொய் சொல்ல மாட்டீங்க. உங்க ஊர்க்காரங்ககிட்ட எனக்குப் பிடிச்சது அது ஒண்ணுதான், தேயரம்மா.”

குளிர்காலம் முழுக்க அவள் அந்தக் கூரையைப் பார்த்துத்தான் விழித்தாள். இன்றைக்காவது புகை வரக்கூடாது என்று வேண்டிக்கொண்ட காலைகள் உண்டு. ஐசம் விறைத்துச் சாக வேண்டும் என்றல்லவா வேண்டுகிறோம் என்று ஒருநாள் உறைத்தது. அன்றிலிருந்து வேண்டுதலை நிறுத்திவிட்டாள். ஆனால் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை.

ஜனவரிப் பனியில் ஐசமின் இடதுகால் விரல்கள் கறுத்து உதிர்ந்தன. டாலிவருக்கு அதில் ஒரு நிம்மதி. சங்கிலி வாங்கும் செலவு மிச்சம் என்று போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

இன்று காலை முதலில் அந்தக் குடிசையைத்தான் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. ஐசம் இல்லை. வாசலிலிருந்து ஓடைவரை பனியில் அவனுடைய பூட்ஸ் தடம், இடது காலை இழுத்து இழுத்துப் போயிருந்தது. விறகு பொறுக்கப் போயிருப்பான் என்று டாலிவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடந்த முப்பது நாளில் புகை எழாத நாள் ஏதாவது உண்டா என்று புரூயிட் கேட்டார்.

ஹல்டாவின் கண் டாலிவரைத் தாண்டி, ஏனோக்கைப் புதைத்த, பனி மூடிய மேட்டுக்குப் போனது. உண்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏனோக் தன் சொந்த மண்ணில் கிடப்பான். மேட்டுக்கடியில் அவன் கண்ணை மூடாமல் காத்திருப்பதாகவே அவளுக்குப் பட்டது.

“ஒரு நாள்கூட நிக்கல,” என்றாள். “இன்னிக்குக் காலைலயும் பார்த்தேன்.”

புரூயிட் எழுதிக்கொண்டார். டாலிவர் தொப்பியைத் தூக்கி நன்றி சொன்னான். வசந்தத்தில் மேட்டையும் சேர்த்து உழப்போவதாகவும், அதற்குள் அவள் எலும்பை எடுத்துக்கொள்ளலாம் என்றும் பெருந்தன்மையாகச் சொன்னான்.

பிறகு ஓடைப் பக்கம் திரும்பி ஐசமைக் கூப்பிட்டான். மறுபடியும் கூப்பிட்டான். மூன்றாம் தடவை அவன் குரல் மாறியது.

“அடுப்புல சூடுகூட ஆறல. நொண்டிப்பய, ஒரு மைல் தாண்டியிருக்க மாட்டான்.”

இருவரும் தடம் காட்டிய பக்கம், ஓடையோடு தெற்கே குதிரைகளை விரட்டினார்கள்.

சத்தம் முழுதாக ஓய்ந்த பிறகுதான் ஹல்டா உள்ளே போனாள். கதவோரம் சாத்தியிருந்த விளக்குமாற்றில் பனி இன்னும் ஒட்டியிருந்தது. ஓடையிலிருந்து தன் வாசல்வரை தினமும் அதைக்கொண்டுதான் தடத்தைப் பெருக்கி அழித்தாள்.

ஐசம் வடக்கே புறப்பட்டு ஒன்பது நாள் ஆகிறது. இந்தக் காலோடு, அடிமைமுறை இல்லாத ஐயோவாவின் எல்லையைத் தொடப் பத்து நாளாவது வேண்டும் என்று சொல்லியிருந்தான். ஏனோக்கின் நல்ல பூட்ஸை அவள்தான் எடுத்துக்கொடுத்தாள். இடது பூட்ஸின் முனையில் வைக்கோல் அடைத்து.

அவள் உட்கார்ந்து, தரைவரை தொங்கிய பாவாடையைத் தூக்கினாள். ஐசமின் கிழிந்த பூட்ஸைக் கழற்றினாள்.

இடது கால் விண்விண்ணென்று வலித்தது. ஒன்பது நாளாக, விடியுமுன் அந்த அடுப்பை மூட்டிவிட்டு, குடிசையிலிருந்து ஓடைவரை, அதை இழுத்து இழுத்துத்தான் நடந்திருந்தாள்.