இளவரசனின் கடைசி வசனம்

மலையுச்சிக்கு இன்னும் நூறு அடி. இளவரசனால் நடக்க முடியவில்லை. தோழன் அவனை முதுகில் தூக்கிக்கொண்டான்.

கண்ணாடி அறைக்குள், மைக் முன்னால் நின்று, தோழனுக்குக் குரல் கொடுப்பவன் மூச்சிரைத்தான்.

தோழனுக்கு இந்த இடத்தில் வசனம் கிடையாது. வெறும் மூச்சுதான்.

அது அவனுக்குப் பழக்கம். இருபது வருடமாக எந்த டப்பிங் படம் வந்தாலும் நாயகனுக்குத் தணிகாசலம், நாயகன் பக்கத்தில் நிற்பவனுக்கு அவன்.

தணிகாசலம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். கழுத்தைச் சுற்றித் துண்டு. துண்டுக்கு அடியில் ஆபரேஷன் தழும்பு.

ஐப்பசியில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.

இந்த இளவரசன் தொடரில் அப்போது பதினோரு பாகம் பாக்கி. வேறு ஆள் போடலாம் என்றது கம்பெனி. அவன் தணிகாசலத்தின் குரலில் பேசிக் காட்டினான். கேட்டவர்கள் உடனே ஒத்துக்கொண்டார்கள். பெயர் மட்டும் தணிகாசலம் என்றே வரட்டும் என்று கேட்டுக்கொண்டான்.

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் அவனே பேசினான். பெரும்பாலும் முதலில் இளவரசன், பிறகு தோழன். தோழனின் முறை வரும்போது தொண்டை கட்டியிருக்கும். போகட்டும். மாப்பிள்ளைத் தோழனின் வேட்டியை யார் பார்க்கப்போகிறார்கள்.

தணிகாசலம் தினமும் வந்தான். கேட்டான். போனான்.

ஒரு தாளில் நன்றி என்று எழுதிக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. குரல் இருந்த காலத்திலும் அதைச் சொன்னவனில்லை.

அந்த ஒரு வார்த்தைக்கு இவன் ஏங்கினான். ஐம்பத்துமூன்று வயதில் இது என்ன ஏக்கம் என்று வெட்கமாகவும் இருந்தது.

"அண்ணே, கடைசி வசனம். இளவரசனுக்கு," என்றான் ஒலிப்பதிவாளன் ரியாஸ்.

திரையில் தோழன் இளவரசனை உச்சியில் இறக்கி வைத்தான். இளவரசன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

மைக் முன்னால் நின்றவன் தாளைப் பார்த்துப் பேசினான்.

"இது என் கதை இல்லை, நண்பா. உன் கதை."

"அண்ணே, உங்க குரலாவே வருதே."

பதினோரு பாகத்தில் ஒருமுறைகூட இப்படிச் சறுக்கியதில்லை. தண்ணீர் குடித்தான்.

தணிகாசலத்தின் குரல் எப்படி வரும் என்று அவனுக்குத் தெரியும். சொல்லின் கடைசியைக் கொஞ்சம் மென்று விழுங்க வேண்டும். ஆளைப் பார்த்துக்கொண்டே பேசினால் இன்னும் சுலபம்.

திரும்பினான்.

தணிகாசலம் எழுந்து கண்ணாடியருகே வந்திருந்தான். துண்டு கீழே விழுந்து கிடந்தது. அதை அவன் எடுக்கவில்லை.

பதிவுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது.

தணிகாசலத்தின் உதடுகள் அசையத் தொடங்கின.

இது என் கதை இல்லை, நண்பா.

அவன் திரையைப் பார்க்கவேயில்லை. அந்த உதடுகளைப் பார்த்தே பேசி முடித்தான்.

"பிரமாதம்ணே. அப்பிடியே தோழனோட பதிலையும் எடுத்துரலாம். ஒரே ஒரு 'ம்' தான்."

அவன் மறுபடி திரையைப் பார்த்து நின்றான்.

ரியாஸ் காட்சியை மூன்று முறை ஓட்டினான்.

அந்த 'ம்' வரவில்லை.