இளவரசன் கட்சி

கருஞ்சிறகன் நல்லவனா கெட்டவனான்னு எங்க கம்பெனி வேன் ரெண்டாப் பிரிஞ்சு மூணு மாசமாவுது.

விழுப்புரத்துல ஏறி திண்டிவனத்துல இறங்குற பதினாலு பொம்பளைங்க நாங்க. செருப்புக் கம்பெனியில தையல் வேலை. ஒரு மணி நேரம் சும்மா உக்காந்துக்கினு வர முடியுமா? ஆர்த்தி போனைப் பாத்து கதை வாசிப்பா. ஓடுற வண்டியில எழுத்தைப் பாத்தா எங்களுக்கெல்லாம் தலை சுத்தும், அந்தப் பொண்ணுக்கு மட்டும் ஒண்ணும் ஆகாது.

கதை பேரு ‘கருஞ்சிறகன்’. நாலு பாகம். றெக்கை வச்ச இளவரசன், மகிழினின்னு பூலோகத்துப் பொண்ணைத் தூக்கிக்கினு போயி கல்யாணம் கட்டிக்கிறான். கோவம் வந்தா கோபுரத்துல வச்சுப் பூட்டுவான், அப்புறம் அவனே உக்காந்து அழுவான். காலேஜ் பொண்ணுங்க எல்லாம் அவனுக்காக உருகுதுங்களாம்.

நான் இளவரசன் கட்சி. பேரு இருதயமேரி, வயசு நாப்பத்தாறு, இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. இருவது வருஷத்துல எங்க வீட்டுக்காரர் வெங்காயம் உரிச்சப்ப தவிர வேற எப்பவும் கண் கலங்கி நான் பாத்ததில்ல. பின்ன நான் யாரைத்தான் ரசிக்கிறது?

வீரம்மாள் எதிர்க்கட்சி. றெக்கை இருந்தா மட்டும் சோறு வடிச்சுப் போடுவானா, பூட்டுறவன் பூட்டுறவன்தான்னு ஒரே பிடி. லூர்துமேரி காலையில எங்க கட்சி, சாயங்காலம் திரும்பறப்ப அவங்க கட்சி.

ஜன்னலோரம் உக்கார்ற அமலா மட்டும் எந்தக் கட்சியும் இல்ல, வாயே தொறக்க மாட்டா. கண்டாச்சிபுரத்துல கட்டிக் குடுத்த பொண்ணு. புருஷன் சகாயராஜ் கொதிக்கிற கஞ்சியை மேல வீசி, கையெல்லாம் வெந்துபோய், நாலு மாசமா அம்மா வீட்டுல இருக்கா. இப்ப அவன் வாராவாரம் பூ வாங்கிக்கினு வந்து அழுதுட்டுப் போறான். வர்ற ஞாயித்துக்கிழமை மாதா கோயில்ல பங்குச் சாமியார் முன்னாடி, அவன்கூடப் போறேன், போகலன்னு அவ ஒண்ணு சொல்லியாவணும். அது அவங்க குடும்ப விஷயம், நமக்கு எதுக்குன்னு நாங்க யாரும் அவகிட்ட அதைப் பத்திப் பேசுறதில்ல.

போன வாரம் நாலாம் பாகம் முடிஞ்சுது. மகிழினி அம்மா வீட்டுக்கு வந்துட்டா, இளவரசன் வாசல்ல நின்னு கெஞ்சினான், அவ முடியவே முடியாதுன்னுட்டான்னு ஆர்த்தி வாசிச்சு முடிச்சா. வீரம்மாள் வேன் முழுக்க மல்லாட்டை உருண்டை குடுத்துக் கொண்டாடுச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுது. நாலு பாகம் ஏங்க வச்சுட்டு இப்பிடியா முடிப்பாங்க?

பாண்டியில படிக்கிற என் அண்ணன் பொண்ணுகிட்ட புலம்பினேன். அவங்க சேந்துருவாங்களே அத்தைன்னா. புக்கையே வாங்கிப் படிச்சேன். சேந்துட்டாங்க! வானத்துல கல்யாணமே நடக்குது.

வெள்ளிக்கிழமை கூட்டேரிப்பட்டுல ஒரு லாரி குறுக்க நின்னு எங்க வேனும் நின்னுபோச்சு. நிக்கிற வண்டியில எனக்குத் தலை சுத்தாது. பையில இருந்து புக்கை எடுத்தேன்.

“ஆர்த்தி வாசிச்ச முடிவு அத்தினியும் புளுகு. இதோ ஆதாரம்.”

வேன் அதிர்ந்துபோச்சு. நான் அழுத அழுகைக்கு என்னாடி பதிலுன்னு லூர்துமேரி எகிறுது. மல்லாட்டை உருண்டை எல்லாம் வீணாப்போச்சேன்னு வீரம்மாளுக்குக் கவலை. ஆர்த்தி தலையைக் குனிஞ்சுக்கினு “சாரிக்கா”ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னா.

எனக்கா, தேர்தல்ல ஜெயிச்ச மாதிரி இருக்கு. கடைசி அத்தியாயத்தை சத்தமா வாசிச்சேன். கொட்டுற மழையில இளவரசன் அவ அம்மா வீட்டு வாசல்ல நிக்கிறான். ‘இனி கோபம் கொள்ள மாட்டேன், கண்ணே. என்னோடு வந்துவிடு’ன்னு கதறுறான்.

அப்பதான் ஜன்னலோரத்துல இருந்து அமலா திரும்பினா. மூணு மாசத்துல முதல் தடவையா கதையில வாயைத் தொறக்குறா.

“அப்புறம் அவ போனாளாக்கா?”

புக்கைப் பாத்தேன். ‘அவள் ஓடோடிச் சென்று அவன் சிறகுகளுக்குள் புதைந்தாள்’னு பெரிய எழுத்துல போட்டிருக்கு. அமலா கையைப் பாத்தேன். மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் தோல் சுருங்கிக் கெடக்கு. அந்தாண்ட ஆர்த்தி என்னையே பாத்துக்கினு இருக்கா. அவ ஏன் மாத்தி வாசிச்சான்னு அப்பதான் இந்த மரமண்டைக்கு உறைச்சுது.

தொண்டையைக் கனைச்சுக்கினு வாசிச்சேன். “‘உன் றெக்கையை நீயே வச்சுக்க, கதவைச் சாத்தணும், மழை உள்ள அடிக்குது, நீ கெளம்பு’ன்னுட்டா மகிழினி.”

வீரம்மாள் சந்தேகமா பாத்துச்சு. “இளவரசி இப்பிடியாடி பேசும்?”

“கோவத்துல யாரா இருந்தாலும் இப்பிடித்தான் பேசும். எழுத்து பொடியா இருக்கு, நேத்து நான்தான் தப்பாப் படிச்சுட்டேன். ஆர்த்தி, மன்னிச்சுக்கம்மா.”

எதிர்க்கட்சி கைதட்டுச்சு. மூணு மாசமா கட்டிக் காத்த கட்சியை என் வாயாலயே கலைச்சுட்டு, புக்கை பைக்கு அடியில தள்ளிட்டு உக்காந்தேன்.

திண்டிவனத்துல எல்லாரும் இறங்கினப்புறம் அமலா பக்கத்துல வந்து என் கையைப் புடிச்சுக்கிச்சு.

“அந்த புக்கைக் கல்யாணத்துக்கு முன்னாடியே ரெண்டு தடவை படிச்சிட்டேன்க்கா. நான் கேட்டது மகிழினியைப் பத்தி இல்ல.”