நடைக்குத் தாளம்

"இவர் காலெடுத்து வைக்கணும்னா மேளம் கொட்டணுமாம். மகாராஜா ஊர்வலம் கிளம்புறார்."

பார்க்கின்சன் நோய் வந்ததிலிருந்து கணவர் வாசற்படிகளில் உறைந்து நின்றுவிடுவார். தாளம் கேட்டால் கால் நகரும் என்று கிளினிக்கின் நடைப் பயிற்சியாளர் தாளம் ஒலிக்கும் ஹெட்போன் கொடுத்திருந்தாள். அதை மாட்டினால் அவர் காதில் வேறெதுவும் விழாது. அந்த தைரியத்தில் மனைவி வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே தினமும் கூட நடந்தாள்.

இன்று கிளினிக்கில் சோதனை. கதவைத் தாண்டி நடக்காவிட்டால் இனி சக்கர நாற்காலிதான்.

"அம்மா, நீங்க கொஞ்சம் பேசாம இருங்க" என்றாள் பயிற்சியாளர்.

மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஹெட்போன் மாட்டியிருந்தும் கணவர் ஆணி அடித்தாற்போல் நின்றார்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. "நில்லுங்க, நல்லா நில்லுங்க. வேர் விடுங்க, கிளை விடுங்க, காக்கா வந்து கூடு கட்டட்டும்..."

அவருடைய வலது கால் எழுந்தது. பிறகு இடது கால். அவள் பொரிந்து தள்ளத் தள்ள அவர் கதவைத் தாண்டிவிட்டார்.

பயிற்சியாளர் ஹெட்போனை வாங்கிப் பார்த்தாள். "ஐயா, இதுல சார்ஜே இல்லையே?"

"அது செத்து ரொம்ப நாளாச்சும்மா."

"அப்புறம் எதுக்கு மாட்டிக்கிட்டிருக்கீங்க?"

"கழட்டினா, எனக்குக் கேக்குதுன்னு இவளுக்குத் தெரிஞ்சிடும். திட்டுறத நிறுத்திடுவா."

மனைவி வாயடைத்துப்போனாள். திரும்ப வந்த கணவர் அதே கதவருகே மறுபடி உறைந்து நின்றார்.

"பாத்தியா, நிறுத்திட்ட" என்றார். "வீட்டுக்குப் போகணும். திட்டு."