கரடியின் மூக்கு

உடைமாற்றும் அறையின் நடுவே, தரைவிரிப்பில் நெய்த கறுப்புக் கரடியின் மூக்கின் மேல் ரஸ்ஸல் டோபெக்கின் வலது கால் சறுக்குக் காலணி நிற்கிறது. அந்தச் சுரங்க ஊரின் ஐஸ் ஹாக்கி அணிக்கு அந்தக் கரடிதான் சின்னம். மிதித்தால் தோல்விதான் என்று ஐம்பத்திரண்டு வருடமாக யாரும் அதை மிதித்ததில்லை; கோப்பை வாங்கிய அன்றும்கூட, எல்லோரும் சுவரோரமாகத்தான் சுற்றிப் போனார்கள். ரஸ்ஸலுக்கும் அது தெரியும். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். அவசரத்துக்கு உதவும் கோல்கீப்பராகப் பதினொரு வருடமாகப் பெயர் கொடுத்து வைத்திருக்கிறான். இன்று கோல்கீப்பர்கள் இருவரும் அடிபட்டுவிட, ஆட்டத்தின் கடைசிப் பகுதிக்கு இவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பதற்றத்தில் நேராக நடந்துவிட்டான். சுற்றி உட்கார்ந்திருக்கும் வீரர்கள் மட்டையில் டேப் சுற்றும் சத்தம் நின்றுபோகிறது. காலை எடுப்பதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. குழாய் விளக்கு இரைகிறது. சுவருக்கு அப்பால் ரசிகர்கள் நாலாயிரம் பேர் தரையை உதைக்கிறார்கள். "போச்சு," என்கிறான் மூலையில் இருக்கும் ஹால்வர்சன். "ஒரே ஒரு கோல் முன்னால இருந்தோம், அதுவும் போச்சு. பஸ்ஸை எங்க ஏத்தக் கூடாதுன்னு தெரியாதாய்யா உனக்கு?" ரஸ்ஸலின் முகமூடிக்குள் வியர்வை சொட்டுகிறது. கேப்டன் மக்கின்னிஸ் எழுகிறான். உதட்டுத் தையலில் ரத்தம் கசிகிறது. நேராக வந்து, கரடியின் இரண்டு கண்களிலும் ஒவ்வொரு காலை வைத்து நிற்கிறான். "நானும் மிதிச்சாச்சு. நட, நேரமாச்சு." பிறகு ஒவ்வொருவராக எழுந்து, கரடியின் மேலேயே நடந்து வாசலுக்குப் போகிறார்கள். ஹால்வர்சன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மிதிக்கிறான்.