நேட்டால் கரையில்

வெள்ளைக்காரன் அவள் தோளைப் பிடித்து அழுத்திப் பார்த்தான். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். தலையாட்டினான்.

அடுத்து அவள் கணவன்.

அவன் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தான். முன்னால் நீட்டச் சொன்னார்கள்.

நடுக்கடலில், கப்பலின் சரக்கறை மூடி அந்தக் கையின் மேல் விழுந்துவிட்டது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்திருந்தன. நாற்றம் வேறு. வெள்ளைக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ சொன்னான்.

துபாஷி அதைத் தமிழில் சொன்னார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

“கை போனவன் கரும்பு வெட்ட முடியாதுப்பா. வந்த கப்பல்லயே திரும்பிப் போயிடு. பொண்டாட்டி புள்ள இருந்தா அவங்களும் உன்கூடத்தான்.”

கொட்டகைக்கு இன்னும் கூரை போட்டு முடியவில்லை. வெயில் நேராகத் தலையில் இறங்கியது.

அவள் ஊரை நினைத்தாள்.

மழை மறந்த ஊர். புளியங்கொட்டையை இடித்து வேகவைத்துத் தின்ற ஊர். அதைத் தின்று வயிறு வீங்கிப்போன மூத்தவனைப் புதைக்க இவர்கள் இருவருக்கும் குழி வெட்டத் தெம்பில்லை. முழங்கால் ஆழத்தில்தான் வைத்துவிட்டு வந்தார்கள். அன்று சாயங்காலமே நாய்கள் வந்துவிட்டன.

இங்கே தினமும் அரிசி அளப்பார்களாம். ஒப்பந்தம் முடிந்தால் சொந்தமாக நிலம்கூடக் கிடைக்குமாம். ஊருக்கு ஆள் பிடிக்க வந்தவன் சொன்னது.

நிலத்தை அவள் நம்பவில்லை.

அரிசியை நம்பினாள். காலையில் கரை இறங்கியதும் கஞ்சி ஊற்றினார்கள். அவள் இடுப்பிலிருந்த குப்பு தன் பங்கைக் குடித்துவிட்டு, அம்மாவின் பங்கையும் குடித்துவிட்டு, வெறும் சட்டியை நக்கிக்கொண்டிருந்தாள்.

துபாஷி அவளிடம் திரும்பினார்.

“ஏம்மா, இவன் உன் புருஷன்தானே?”

“இல்லீங்க.”

சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது தான் என்று அவளுக்கு உறைத்தது.

முந்தானையைக் கழுத்தோடு சேர்த்து இழுத்துக்கொண்டாள்.

கப்பலேற்றியபோது யாருக்கு யார் என்ன உறவு என்று எவரும் கேட்கவில்லை. தலையைத்தான் எண்ணினார்கள். இங்கே அவள் வாயில் வருவதுதான் உண்மை.

“அப்போ உன் புருஷன் எங்க?”

அதை அவள் யோசித்திருக்கவில்லை. குப்புவை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

துபாஷியின் கண்கள் சுருங்கின.

“செத்துட்டான் சாமி.”

சொன்னது அவன்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கப்பல்ல பேதி கண்டு செத்தான். கடல்லதான் போட்டாங்க. நானும் ஒரு கால் புடிச்சேன்.”

துபாஷி வெள்ளைக்காரனிடம் இரண்டே சொற்களில் அதைச் சொன்னார். வெள்ளைக்காரன் தோளைக் குலுக்கிவிட்டு, வெளியே நின்ற மாட்டுவண்டியை அவளுக்குக் காட்டினான்.

அவனை எதிர்ப்பக்கம் உட்காரச் சொன்னார்கள். அங்கே கப்பலுக்குத் திரும்ப வேண்டிய ஒரு கிழவரும் கண் மங்கிய ஒருத்தியும் இருந்தார்கள். அவர்களோடு போய் உட்கார்ந்தான். கெட்ட கையை நல்ல கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

அவள் வண்டியை நோக்கி நடந்தாள்.

குப்பு அவள் தோளுக்கு மேலாக இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“அப்பா!”

அவள் பிள்ளையின் முகத்தைத் தோளில் வைத்து அழுத்தினாள். பிள்ளை தோளைக் கடித்தது. முகத்தை விடுவித்துக்கொண்டு, கொட்டகை முழுக்கக் கேட்கும்படி மறுபடி கத்தியது.

“அப்பா! அப்பா வா!”

துபாஷி வந்து பிள்ளையை வாங்கி வண்டியில் உட்கார வைத்தார். அவருக்கும் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும். அதன் கன்னத்தைத் தன் துண்டால் துடைத்தார்.

“பாவம். செத்த அப்பனைத் தேடுது.”

காது கேட்கும் தூரத்தில்தான் அவன் உட்கார்ந்திருந்தான்.

“ஆமாங்க” என்றாள் அவள். “சின்னதுதானே. மறந்துரும்.”