கிளைக்குப் புதுப் பெயர்

அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதும் கணினி நிரலின் முதன்மைக் கிளைக்கு, அதாவது மூலப் பிரதிக்கு, புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் மழை பெய்த அந்தப் பிற்பகலில், எல்லோரும் அவரவர் மடிக்கணினியில் இருந்த பிரதியையும் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"யுயுன் அக்கா, பழைய பேரையே கட்டிக்கிட்டு அழாதீங்க. தூக்கிப் போடுங்க!" என்றாள் பக்கத்து மேசைக்காரி இந்தா.

யுயுன் சிரித்து வைத்தாள். அந்தக் கிளையில் இருந்ததெல்லாம் அவளும் கணவன் கிலாங்கும் சேர்ந்து எழுதியது. "இனிமே உன்கூட ஒரு வரிகூட எழுத முடியாது" என்று சொல்லிவிட்டு, வேலையையும் அவளையும் விட்டுப் போனவன் அவன். என்றாவது வருவான் என்றுதான் இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள்.

பெயரை மாற்றினாள். பழையதை அழித்தாள். சர்வரிலும் அது இல்லை. கடைசியாக ஒருமுறை திரையைப் புதுப்பித்தபோது பழைய கிளை திரும்ப வந்து நின்றது. சற்றுமுன் கிலாங் அதில் ஒரு திருத்தம் சேர்த்திருந்தான். "பார்த்துட்டுச் சீக்கிரம் வா, சுடச்சுட வாங்கின மார்த்தபாக் ரொட்டி ஆறிடும்" என்று குறிப்பு வேறு.

அவள் அதைத் தொடவே இல்லை; ஆனால் சரிபார்த்தவர் பெயர் யுயுன் என்றிருந்தது. பெயருக்குப் பக்கத்துப் படத்தில் இருந்ததும் அவளேதான்.

"அழிச்சாச்சா அக்கா?"

யுயுன் திரையருகே குனிந்தாள். திரையில் அந்த யுயுன் கிலாங்குக்குப் பதில் எழுதியிருந்தாள்: "அவ பார்த்துட்டா. கிளைக்கு வேற பேர் வெச்சிடலாம்."

மறுபடி புதுப்பித்தாள். அங்கே ஒன்றும் இல்லை.